மூன்றாவது முறை வீங்கும் விரல்

ஒரே விரல் மூன்றாவது முறை வீங்கினால் அதற்கு விபத்து என்று பெயர் வைக்க முடியாது. முதல் தடவை விபத்தாக இருந்திருக்கலாம். இரண்டாம் தடவை கெட்ட நேரம் என்று சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவது முறையும் அதே பாதம், அதே விரல் என்றால் அதற்கு யாரோ பொறுப்பு. நிச்சயமாக நாய் இல்லை.

ஆனால் நம் வீடுகளில் திட்டு வாங்குவது நாய்தான். "இது அடங்காதுப்பா, ஓடி ஓடி அடிபட்டுக்குது" என்பார்கள். ஓடுவதற்கென்றே பல நூறு ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்த ஒரு உடலைக் காசு கொடுத்து வாங்கிவந்து, அது ஓடுகிறது என்று குறை சொல்கிற ஜென்மம் மனிதன் மட்டும்தான்.

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை. ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்று முழுப்பெயர் சொன்னால் உள்ளூரிலேயே ஒரு நொடி யோசிப்பார்கள். 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியோடு தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்த பகுதி. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம், பாதி வீடுகளில் தெலுங்கு, ஊரைச் சுற்றி வேர்க்கடலைக் கொல்லையும் முள்காடும். இங்கே சித்தப்பா வீட்டில் ஒரு கிரேஹவுண்டு இருக்கிறது. எட்டு மாதத்தில் மூன்று தடவை அதன் இடது முன்னங்காலின் வெளிப்பக்க விரல் வீங்கியது. மூன்று தடவையும் ஒரு தனியார் கிளினிக்கில் நடந்தது ஒன்றுதான்: ஆன்டிபயாடிக் ஊசி, வலி ஊசி, நீல நிற ஸ்ப்ரே, ஒரு கட்டு. "நாலு நாள்ல ஓடிடும் சார்." ஓடியது. அதுதான் பிரச்சினையே. மூன்றாவது தடவை, "விரலை எடுத்துடலாமா?" என்று கேட்டார்கள். அதுவரை ஒருவர்கூட ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. மூட்டை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்த்து, மற்ற காலின் அதே விரலோடு ஒப்பிடவில்லை. வேறு ஊருக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தபோது மூட்டோரத்தில் ஒரு எலும்புச் சில்லு பெயர்ந்து நின்றது. தசைநார் அறுபடும்போது தன்னோடு இழுத்துக்கொண்டு வந்த சில்லு. முதல் நாளே எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஒரு கிளினிக்கைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தக் கிளினிக் மாதிரிதான் நாம் எல்லாவற்றையும் செய்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

தறி ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவார்கள், தறி மறுபடி ஓடும். ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப அறுந்தால் எந்த நெசவாளரும் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்க மாட்டார். தறியை நிறுத்திவிட்டு, அச்சில் பல் ஏதாவது வளைந்திருக்கிறதா, எங்கே உரசுகிறது என்று தடவிப் பார்ப்பார். என் வேலையிலும் அப்படித்தான். மூடிய டிக்கெட் மூன்றாவது முறை திறக்கப்பட்டால், அன்று யாரும் புதிய பேட்ச் கேட்பதில்லை, ரூட் காஸ் என்ன என்றுதான் கேட்பார்கள். லுங்கித் துணிக்கும் ஆப்புக்கும் கொடுக்கிற மரியாதையை ஒரு உயிருள்ள மூட்டுக்குக் கொடுக்கக் கூடாதா?

அச்சைத் தடவிப் பார்ப்போம்.

நாய் பாதத்தால் நடப்பதில்லை, விரல்களால் நடக்கிறது. நம் குதிகால் இருக்கும் இடம் அதற்குப் பின்னங்காலில் பாதி உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காலிலும் தரையைத் தொடும் விரல்கள் நான்கு. நடுவில் உள்ள இரண்டும் பெரும்பாரத்தைத் தாங்கும். ஓரத்தில் உள்ள இரண்டும் திரும்பும்போது பிடித்துக்கொள்ளும். கிரேஹவுண்டின் விரல்கள் மற்ற நாய்களைவிடச் சற்று நீளமானவை. முயல் பாதம் என்றே அதை வர்ணிப்பார்கள். சுமார் 30 கிலோ உடல், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகும் வேகம். ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை நான்கு கால்களும் காற்றில் இருக்கும். கீழே வந்து இறங்குவது இந்தச் சின்ன விரல்களின்மேல்.

வளைவில் என்ன நடக்கிறது என்பதை லண்டனின் ராயல் வெட்டர்னரி கல்லூரியைச் சேர்ந்த இருவர், அஷர்வுட்டும் வில்சனும், 2005இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மனிதன் வளைவில் ஓடும்போது கால்மேல் விழும் கூடுதல் பாரத்தைத் தாங்க முடியாமல் வேகத்தைக் குறைக்கிறான். கிரேஹவுண்டு குறைப்பதில்லை. நேர்கோட்டில் ஓடும் வேகத்திலேயே வளைகிறது. கால்கள் சுமார் 65 சதவீதம் கூடுதல் விசையை வாங்கிக்கொள்கின்றன. இந்த உடலில் பிரேக் கால்விரலில் இல்லை. வலிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப்போட்டு அது நிற்காது. அந்தக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

இப்போது அந்தக் காலுக்கு நாம் கொடுத்திருக்கும் தரையைப் பாருங்கள். ஹாலில் வழுவழு டைல்ஸ். வாசலில் சொரசொரப்பான சிமெண்டு. கேட்டுக்கு வெளியே தார் ரோடு, அதுவும் திருத்தணிப் பக்கத்து மே மாதத்தில். ரோட்டைத் தாண்டினால் கல்லும் நெருஞ்சி முள்ளும் கிடக்கிற கொல்லை. காலிங் பெல் அடித்ததும் நாய் சோபாவிலிருந்து குதித்து டைல்ஸில் சறுக்கி, வாசற்படியில் நகத்தை ஊன்றித் திரும்புகிறது. மூன்று வினாடிக்குள் மூன்று விதமான தரை. அந்த ஓர விரல் பிசகாமல் இருந்தால்தான் அதிசயம்.

இதில் நகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வளரும் நாயின் நகம் தேய்வதில்லை. நீண்ட நகம் தரையில் முட்டும்போது நெம்புகோல் மாதிரி விரலை மேலே தூக்கி, பக்கவாட்டில் திருப்பிவிடும். ஒவ்வொரு அடிக்கும் இது நடக்கும். சினிமா டிக்கெட் விலைக்கு ஒரு நகவெட்டி கிடைக்கிறது. அதை வாங்காத வீட்டில் ஆயிரக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. தோல் பத்துப் பதினான்கு நாளில் கூடிவிடும். வீக்கம் அதற்கு முன்பே வடிந்துவிடும். வலி ஊசி போட்டால் அன்று மாலையே நாய் வாலை ஆட்டும். ஆனால் மூட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார் ஒட்டுவதற்குக் குறைந்தது ஆறு வாரம் வேண்டும். பழைய பலத்துக்கு நெருங்க மாதங்கள் ஆகும். வலி போன நாளுக்கும் காயம் ஆறிய நாளுக்கும் நடுவே ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் நாம் சங்கிலியைக் கழற்றிவிடுகிறோம். நொண்டவில்லை என்றால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். நொண்டாமல் இருப்பது வலி குறைந்ததற்குச் சாட்சி. மூட்டு உறுதியானதற்குச் சாட்சி ஆகாது.

இதைவிடப் பெரிய தப்பு, "விரல் காயம்" என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் அடக்குவது. அந்தப் பெயருக்குள் ஏழெட்டு வேறு வேறு வியாதிகள் இருக்கின்றன. நகம் பிளந்திருக்கலாம். விரல்களுக்கு நடுவில் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கலாம். தசைநார் அறுந்திருக்கலாம். எலும்பு விட்டிருக்கலாம். உள்ளே முள் முனை ஒடிந்து கிடக்கலாம். நகங்களே ஒவ்வொன்றாகக் கழன்று விழும் நோயெதிர்ப்புக் கோளாறும் உண்டு. நடுவயதைத் தாண்டிய கிரேஹவுண்டு தொடர்ந்து நொண்டினால் எலும்புப் புற்றுநோயையும் விலக்கிப் பார்த்தாக வேண்டும். இந்த இனத்துக்கு அது அதிகம் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே நீல ஸ்ப்ரேதான் மருந்தா?

ஆணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பாட்டிகளுக்கு வந்த அதே கால் ஆணி. மற்ற நாய்களுக்கு அரிதாகவும் கிரேஹவுண்டுகளுக்கும் அதன் உறவுக்கார இனங்களுக்கும் அதிகமாகவும் வருவது. பெரும்பாலும் முன்னங்கால் நடு விரல்களின் மெத்தையில், ஒரு சிறிய வட்டமாகக் கெட்டிப்பட்டு நிற்கும். ரத்தம் வராது, வீக்கம் இருக்காது, பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அடையாளம் ஒன்றுதான்: மண்ணிலும் புல்லிலும் நாய் நன்றாக நடக்கும், சிமெண்டில் காலை வைத்ததும் தாங்கித் தாங்கி நடக்கும். இதைக் கவனிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம். பத்து நிமிடம் நாயோடு நடந்தால் போதும். அறுத்து எடுத்தாலும் ஆணி மறுபடி வரக்கூடியது. பாரம் விழும் விதம் மாறாதவரை வரும். அதனால்தான் ஆணியை விட்டுவிட்டு, அந்த விரலை மடக்கும் நாணை வெட்டிப் பாரத்தைக் குறைக்கும் சிகிச்சையை பிரிட்டனில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்குவதைவிட்டு அழுத்தத்தை மாற்ற வேண்டும் என்று அவர்கள் யோசித்தார்கள். நான் இங்கே கேட்பதும் அந்த யோசனையைத்தான்.

இப்போது விரலை எடுப்பதற்கு வருகிறேன். விரல் நீக்குவது தவறு என்று சொல்லவில்லை. ஓர விரல்களில் ஒன்றை எடுத்துவிட்டு நாய்கள் நன்றாக வாழ்கின்றன. நடு விரல் என்றால் கணக்கு வேறு, பாரம் பக்கத்து விரலுக்குப் போகும். எல்லா வழியையும் பார்த்துவிட்டுக் கடைசியாக அந்த முடிவுக்கு வரலாம். எக்ஸ்ரேயே எடுக்காமல் அதற்கு வருவது சோம்பேறித்தனம். அதுவும் கிரேஹவுண்டை மேஜையில் படுக்கவைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் உண்டு. இதன் உடலில் கொழுப்பு குறைவு. தயோபென்டால் மாதிரியான மயக்க மருந்துகளைக் கல்லீரல் மெதுவாகவே சிதைக்கும். மற்ற நாய்களுக்குச் சில மணி நேரத்தில் தெளிவது இதற்கு வெகுநேரம் இழுக்கும். சிவப்பணுக்கள் இயல்பிலேயே அதிகம், தட்டணுக்கள் இயல்பிலேயே குறைவு. ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்றில், கருத்தடை அறுவை செய்த கிரேஹவுண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு நாள் கழித்து ரத்தம் கசிந்தது. அறுவை முடிந்து, வீட்டுக்கு வந்து, எல்லாரும் நிம்மதியாகத் தூங்கும் நேரத்தில். "இது கிரேஹவுண்டு, ரத்தம் உறைய மருந்து யோசித்தீர்களா?" என்று நீங்கள் கேட்டால் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு இடம் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனிதனுக்குக் கொடுக்கும் டைக்ளோஃபினாக்கும் இபுபுரூஃபனும் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கழுகுகளைக் காப்பாற்றுவதற்காக 2006இல் கால்நடைப் பயன்பாட்டில் தடைசெய்யப்பட்ட டைக்ளோஃபினாக்கை, "அரை மாத்திரை சோத்துல வெச்சிக் குடுங்க" என்று இன்னும் சொல்கிறார்கள். அது வைத்தியம் இல்லை, விரலுக்காகச் சிறுநீரகத்தை அடகு வைப்பது.

எதிர்ப்பக்கத்தில் மூன்று குரல்கள் கேட்கின்றன. மூன்றும் என் வீட்டுக்குள்ளேயே கேட்டவை.

முதல் குரல்: "தெருநாய்க்கு யார் எக்ஸ்ரே எடுத்தாங்க? நக்கி நக்கியே ஆத்திக்கலையா?" ஆற்றிக்கொண்ட நாய்களை மட்டும்தான் நீங்கள் தெருவில் பார்க்கிறீர்கள். ஆற்றிக்கொள்ளாதவை தெருவில் இல்லை. அதோடு தெருநாயின் உடல் யாரும் வேகத்துக்கென்று செதுக்காத உடல். அது வளைவில் 65 சதவீதக் கூடுதல் பாரத்தோடு பாய்வதில்லை. மாட்டு வண்டிச் சக்கரத்தின் பராமரிப்புக் கணக்கை ரயில் சக்கரத்துக்குப் போட முடியாது.

இரண்டாவது குரல் கொஞ்சம் பெருமிதமானது: "வெள்ளைக்காரன் நாயை வாங்கினா இப்படித்தான். நம்ம சிப்பிப்பாறை வாங்கியிருந்தா ஒண்ணும் ஆகாது." 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு இனங்கள்மேல் வந்த பிரியம் எனக்கும் உண்டு. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலேயே ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் பெயர் சொல்லப்பட்டன. கர்னாலில் இருக்கும் தேசியக் கால்நடை மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவுசெய்திருக்கிறது. நல்லது. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கிரேஹவுண்டைப் போலவே பார்வையால் துரத்தும் வேட்டை நாய்கள். அதே மெலிந்த உடல், அதே நீண்ட கால், அதே வெறி. அந்த விரலையும் உங்கள் டைல்ஸில் விட்டால் அதுவும் பிசகும். விரலுக்கு தேசியம் தெரியாது. போதாததற்கு, வேகம் கூட்டுவதற்காகக் கிரேஹவுண்டு ரத்தம் கலந்த குட்டிகளை "ஒரிஜினல்" என்று விற்கும் சந்தையும் நம்முடையதுதான். அந்த வேகம் எதற்கு? முயல் பிடிக்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். சட்டம் தடுத்த வேலைக்காக ஒரு உடலைச் செதுக்கி, அந்த வேலையும் கொடுக்காமல், ஓடத் தரையும் கொடுக்காமல், வாசலில் சங்கிலியில் கட்டிவைத்து செல்ஃபி எடுப்பதற்குப் பெயர் பாரம்பரியமா? சங்க காலத்தில் ஞமலி என்று பெயர் சொல்லி அழைத்தவர்களுக்கு அந்த நாயோடு காடு ஏறி இறங்குகிற வாழ்க்கை இருந்தது. நமக்கு நாயின் போட்டோ மட்டும் இருக்கிறது.

மூன்றாவது குரல்தான் நியாயமானது: "மாசம் தறிக் கூலி எவ்வளவுன்னு தெரியுமா? நாய் விரலுக்கு இவ்வளவு செலவு பண்ண முடியுமா?" இதைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. ஆனால் கணக்கை முழுசாகப் போடுவோம். மூன்று தடவை ஊசிக்கும் கட்டுக்கும் ஆட்டோவுக்கும் சித்தப்பா கொடுத்த பணத்தில் முதல் நாளே எக்ஸ்ரே எடுத்து மீதியும் இருந்திருக்கும். மலிவான வைத்தியம் திரும்பத் திரும்பச் செய்யப்படும்போது அதுதான் விலை உயர்ந்த வைத்தியம். மிச்சம் உள்ளவற்றில் பெரும்பாலானவை காசே கேட்காதவை. ஆறு வாரம் கயிறு பிடித்து மட்டும் வெளியே கூட்டிப்போவது. சோபா ஏறவிடாமல் பார்த்துக்கொள்வது. நாய் திரும்பும் இடங்களில் பழைய ஜமுக்காளத்தையோ சாக்கையோ நகராதபடி விரிப்பது. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்தாறு வினாடி வைத்துப் பார்ப்பது; உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வாரம் ஒரு முறை பாதத்தை மடியில் வைத்து ஒவ்வொரு விரலையும் தடவிப் பார்ப்பது. கட்டு நனைந்தால் அன்றே மாற்றுவது, கட்டுக்கு மேலே கால் வீங்கினால் உடனே அவிழ்ப்பது. ஊரில் எல்லாரும் நினைக்கிற மாதிரி கிரேஹவுண்டு நாள் முழுக்க ஓட வேண்டிய நாயும் இல்லை. கொஞ்சநேரம் பாய்ந்துவிட்டு மிச்ச நாளெல்லாம் படுத்துக் கிடக்கும் சோம்பேறி அது. ஆறு வாரம் அதை அமைதியாக வைத்திருப்பது நாம் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமே இல்லை. சித்தி அதைத்தான் செய்தாள். விரல் இன்னும் அதன் காலில்தான் இருக்கிறது.

கிரேஹவுண்டின் காயங்களைப் பற்றி உலகத்துக்கு இவ்வளவு தெரிந்திருப்பதற்குக் காரணம் அன்பு இல்லை, சூதாட்டம். பந்தயத் தடங்களில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடவிட்டு ஓடவிட்டு, வலது பின்னங்காலின் கணுக்காலில் குறிப்பிட்ட ஒரு எலும்பு உடையும் என்றே மருத்துவர்கள் பாடம் எழுதிவிட்டார்கள். தடம் எந்தப் பக்கம் வளைகிறதோ, அதற்கேற்ற கால் உடைகிறது. காயம் நாயின் குணத்தால் வருவதில்லை, தரையின் வடிவத்தால் வருகிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான ஆதாரம் வேண்டாம். மக்காவ் கிரேஹவுண்டுப் பந்தயத் திடல் 2018இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஃபுளோரிடா மக்கள் வாக்களித்துப் பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும் தடைசெய்யப்போவதாக அறிவித்தது. அங்கெல்லாம் கடைசியில் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: இத்தனை நாய்களுக்கு ஒரே இடத்தில் அடிபடுகிறது என்றால் தப்பு எங்கே?

நம் ஊரில் பந்தயத் திடல் கிடையாது. அதனால் நமக்குக் குற்ற உணர்ச்சியும் கிடையாது. ஆனால் ஹால், வாசற்படி, சிமெண்டு, தார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னத் தடம் போட்டு வைத்திருக்கிறோம். சட்டமும் துணைக்கு வராது. 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதைக் குற்றம் என்றுதான் சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். வழுக்கும் தரைக்கும் வளர்ந்த நகத்துக்கும் அந்த 50 ரூபாயும் இல்லை. இங்கே நாயின் வக்கீல், நீதிபதி, ஜெயிலர் எல்லாமே வீட்டுக்காரர் ஒருவர்தான்.

அதனால் கேட்க வேண்டியதை வீட்டுக்காரர்தான் கேட்க வேண்டும். முதல் நொண்டலிலேயே, "எந்த விரல், எந்த மூட்டு, என்ன வியாதி?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெயர் சொல்லாத வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ள ஒப்புக்கொள்ளாதீர்கள். குட்டி விற்கிறவரிடம் தாய் தகப்பனின் போட்டோவோடு அவற்றின் கால்களையும் காட்டச் சொல்லுங்கள். குட்டி வாங்குவதற்கு முன் உங்கள் தரையை ஒரு தடவை குனிந்து தொட்டுப் பாருங்கள். அந்தத் தரையை மாற்ற முடியாது, ஆறு வாரம் கயிறு பிடிக்க நேரமில்லை என்றால் அந்த நாயை வாங்காதீர்கள். நாய்ப் பிரியம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் நாய்க்குப் பயன்படக்கூடிய பகுதி அந்த மறுப்புதான்.

நாய் தனக்கு வலிப்பதை மறைக்கும். வேட்டைக்குப் பிறந்த நாய் இன்னும் நன்றாக மறைக்கும். முதல் வீக்கத்திலேயே அது தன்னால் முடிந்ததைச் சொல்லிவிட்டது, பாதத்தைத் தூக்கிக் காட்டியது. இரண்டாவது, மூன்றாவது வீக்கங்கள் நாம் கேட்காததால் வந்தவை. அவற்றுக்கான பொறுப்பை அதன் ஓட்டத்தின்மேல் போடுவதை இன்றோடு நிறுத்துவோம்.